ஃபுளோரன்ஸ் நகரில் ஒரே ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் பத்து நாள் பயணம் போகிறவர்களில் பலர் ரோமுக்கும் வெனிஸுக்கும் நாட்களைத் தாராளமாக ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கும் ஃபுளோரன்ஸுக்கு ஒரே ஒரு பகலைத்தான் மிச்சம் வைக்கிறார்கள். அந்தப் பகலை எப்படிச் செலவிடுவது என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே நாளில் ஃபுளோரன்ஸைப் பார்த்துவிட முடியுமா?

முழுவதையும் பார்க்க முடியாது. ஆனால் நகரின் நடுப்பகுதியை நிதானமாக அனுபவிக்க ஒரு நாள் போதும். ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குப் பத்து நிமிட நடை. பேராலயத்திலிருந்து சிஞ்ஞோரியா சதுக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். அங்கிருந்து ஆர்னோ ஆற்றின் பழைய பாலத்துக்கும் அவ்வளவுதான். 1982-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்தப் பழைய நகரத்தில் தூரம் ஒரு தடையே இல்லை. வரிசையில் நிற்கும் நேரமும், கண்ணும் மனமும் களைத்துப்போவதும்தான் தடைகள்.

ஆகையால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: சீட்டு வாங்கி நுழையும் இடங்கள் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் தெருவுக்கும் சதுக்கத்துக்கும் ஆற்றுக்கும் உரியது. என்னுடைய முதல் பயணத்தில் ஐந்து இடங்களுக்குச் சீட்டு வாங்கி ஓடினேன். ஐந்தாவது இடத்தில் எதைப் பார்த்தேன் என்பது அன்று இரவே நினைவில் இல்லை. 1817-இல் இந்நகருக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால், சாந்தா குரோச்சே தேவாலயத்தை விட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்துக் கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியதாக எழுதிவைத்திருக்கிறார். கலையின் மிகுதியால் வரும் மயக்கத்துக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம்மில் பலருக்கு வரும் மயக்கம் பசியாலும் கால்வலியாலும் வருவது என்பது வேறு விஷயம்.

எப்படி வந்து சேர்வது?

ரயிலில்தான். அதிவேக ரயிலில் ரோமிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், பொலோன்யாவிலிருந்து முக்கால் மணிக்கும் குறைவான நேரமும் ஆகும். இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா. நகரின் ஓரத்தில் வேறு நிலையங்களும் இருப்பதால், சீட்டு வாங்கும்போது பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டிகளை நிலையத்திலேயே பொருள் காப்பகத்தில் ஒப்படைத்துவிடலாம். விமானத்தில் வருவோருக்கு பெரேத்தோலா விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு டிராம் ஓடுகிறது. பயண நேரம் இருபது நிமிடம் அளவில் இருக்கும்.

வாடகைக் கார் எடுத்திருப்பவர்கள் அதைப் பழைய நகரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நடுப்பகுதியில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். நுழைவாயில்களில் காவலர் இருக்க மாட்டார். காமிரா மட்டும் இருக்கும். அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியாக வீடு தேடி வந்து சேரும்.

எந்தக் கிழமை போகலாம்?

திங்கட்கிழமை வேண்டாம். உஃபிஸி ஓவியக் கூடம், டேவிட் சிலை இருக்கும் அக்காடெமியா அருங்காட்சியகம் இரண்டுக்கும் அன்று விடுமுறை. ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை அனுமதிக்க மாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு அந்நாளையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. சேமித்த பணத்துக்கு ஈடாக வரிசையில் அரை நாளைக் கொடுக்க நேரும் என்பதால், ஒரே நாள் உள்ளவர்களுக்கு அது நல்ல பேரம் அன்று. செவ்வாய் முதல் வெள்ளி வரை எந்த நாளும் சரி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்நகரின் வெயில் நம் ஊர்க் கத்திரிக்குச் சளைத்ததில்லை. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் நகரம் அமைந்திருப்பதால் காற்றும் அசையாது.

சீட்டுகளை முன்கூட்டியே வாங்க வேண்டுமா?

கட்டாயம் வாங்க வேண்டும். உஃபிஸிக்கும் அக்காடெமியாவுக்கும் நாளும் நேரமும் குறித்த சீட்டு கிடைக்கிறது. பேராலயக் குவிமாடத்தின் மீது ஏறுவதற்கோ முன்பதிவு இல்லாமல் வழியே இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பல வாரங்களுக்கு முன்பே சீட்டுகள் தீர்ந்துவிடுவதால், ரயில் சீட்டுக்கு முன்பே இவற்றை வாங்கிவிடுவது நல்லது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள்தாம். அதே சீட்டை வெகுவாகக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் ஐந்து நிமிடம் வீண் போகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அரசு அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டப் பாஸ்போர்ட்டை உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

உஃபிஸியில் எதைப் பார்ப்பது? முழுவதையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

முழுவதையும் பார்க்க எண்ண வேண்டாம். காலை 8:15 மணிக்குத் திறக்கும்போதே நுழைந்து, மூன்று மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘உஃபிஸி’ என்றால் அலுவலகங்கள் என்று பொருள். அரசு அலுவலகங்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர விரும்பிய, ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தைச் சேர்ந்த முதலாம் கோசிமோ, 1560-இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரியைக் கொண்டு இதைக் கட்டத் தொடங்கினார். மேல் மாடியில் குடும்பத்தின் கலைச் சேகரிப்பு மெல்ல மெல்லக் குடியேறியது. அந்தச் சேகரிப்பு சிதறாமல் இன்றும் ஒரே ஊரில் இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. மெடிச்சி வம்சத்தின் ஆண் வாரிசு 1737-இல் அற்றுப்போய், நாடு லோரேன் குடும்பத்தின் கைக்குப் போனபோது, வம்சத்தில் எஞ்சியிருந்த ஆன்னா மரியா லூயிசா ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். ஓவியம், சிலை, நூல், நகை என எதுவும் ஃபுளோரன்ஸை விட்டு வெளியேறக் கூடாது. அவை நாட்டின் அழகுக்கும், மக்களின் பயனுக்கும், வெளிநாட்டவரின் ஆர்வத்தைத் தூண்டுவதற்கும் உரியவை என்பதே அதன் சாரம். சுற்றுலா என்ற தொழிலே உருவாகாத காலத்தில் அவர் நம்மைப் போன்றவர்களையும் கணக்கில் வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. 1769-இல் கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம். தொடக்கத்திலேயே ஓர் அறையில் அரியணையில் அமர்ந்த மாதாவின் மூன்று பெரும் ஓவியங்கள் எதிரும் புதிருமாக இருக்கும்: சிமாபுவே வரைந்தது ஒன்று, தூச்சோ வரைந்தது ஒன்று, ஜோட்டோ வரைந்தது ஒன்று. அவசரக்காரர்கள் கடந்துபோகும் இந்த அறையில் பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் இரண்டிலும் மாதா தங்கப் பின்னணியில் மிதப்பதுபோல் இருக்கிறார்; ஜோட்டோவின் மாதாவுக்கு எடை இருக்கிறது, ஆடைக்குக் கீழே முழங்கால் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்டால், அடுத்து வரும் அறைகள் தாமாகவே பேசத் தொடங்கும். பிறகு பியேரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபுவும் அவர் மனைவியும் பக்கவாட்டு முகமாக ஒருவரையொருவர் பார்த்திருக்கும் சிறிய இணை ஓவியம். அதன் பிறகு போட்டிசெல்லியின் ‘வசந்தம்’, ‘வீனஸின் பிறப்பு’. லியொனார்டோ இளமையில் வரைந்த ‘மங்கள வார்த்தை’, மைக்கேலாஞ்சலோவின் வட்ட வடிவத் திருக்குடும்ப ஓவியம், டிஷியனின் ‘உர்பினோவின் வீனஸ்’, கிரேக்கப் புராணத்தில் பாம்புகளைக் கூந்தலாகக் கொண்ட மெதூசாவின் தலையைக் கேடயத்தின் மீது காரவாஜ்ஜோ வரைந்த ஓவியம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். வழியில் ஆற்றுப் பக்கத்துச் சாளரங்களை விட்டுவிடாதீர்கள். பழைய பாலத்தை இவ்வளவு நன்றாகக் காட்டும் இடம் வேறில்லை.

டேவிட் சிலையைப் பார்க்காமல் திரும்பலாமா?

திரும்பலாம் என்றால் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆகவே இரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பேராலயத்துக்காக வெட்டிக் கொண்டுவரப்பட்டு, இரு சிற்பிகள் தொட்டுப் பாதியில் விட்டுப்போய், பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒரு பளிங்குப் பாளத்தை 1501-இல் மைக்கேலாஞ்சலோ ஏற்றார். அப்போது அவருக்கு வயது 26. 1504-இல் சிலை முடிந்தபோது, பேராலயத்தின் உச்சியில் வைக்க வேண்டிய இதை இனி மேலே ஏற்ற வேண்டாம், அரசு மாளிகையின் வாயிலில் நிறுத்தலாம் என்று நகரத்தார் முடிவெடுத்தார்கள். 5.17 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 1873 வரை சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நின்றுவிட்டு, பாதுகாப்புக்காக அக்காடெமியாவுக்கு இடம்பெயர்ந்தது. இப்போது சதுக்கத்தில் நிற்பது 1910-இல் வைத்த நகல்.

நகலைப் பார்த்தால் சிலை எந்த இடத்துக்கு, எந்த அரசியல் துணிச்சலின் அடையாளமாக நிறுத்தப்பட்டது என்பது விளங்கும். மூலத்தைப் பார்த்தால்தான் கல்லுக்குள் ஓடும் நரம்பு தெரியும். சிற்பத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் தங்கள் இரண்டாவது சீட்டை அக்காடெமியாவுக்கே ஒதுக்கட்டும். ஒரு மணி நேரம் போதும். அங்கே டேவிட்டை நோக்கிச் செல்லும் கூடத்தில் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட ‘அடிமைகள்’ நிற்கின்றன. பாறையிலிருந்து வெளிவரத் திமிறும் அந்த உடல்களைப் பார்த்த பிறகு டேவிட் எனக்குச் சற்று வழவழப்பாகவே தோன்றினார்.

பேராலயத்தின் குவிமாடத்தின் மீது ஏறுவது அவசியமா?

முழங்காலும் மூச்சும் ஒத்துழைத்தால் ஏறுங்கள். மொத்தம் 463 படிகள், மின்தூக்கி இல்லை. நடுவில் திரும்பி இறங்க வசதி இல்லாத குறுகிய வழி என்பதால், அடைபட்ட இடங்களில் அச்சப்படுகிறவர்களும் இதய நோயாளிகளும் தவிர்ப்பது நல்லது. ஏறுவதன் பயன் மேலே கிடைக்கும் காட்சி மட்டுமல்ல. அந்தக் குவிமாடம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம் என்பதுதான் உண்மையான பயன்.

1296-இல் அர்னோல்ஃபோ தி காம்பியோ தொடங்கிய பேராலயம், நூறாண்டு கழிந்தும் நடுவில் கூரை இல்லாமல் நின்றது. மூடவேண்டிய எண்கோண வெளியின் அகலம் ஏறத்தாழ 45 மீட்டர். வளைவு கட்டும்போது கல்லோ செங்கல்லோ தானாக நிற்கும்வரை தாங்குவதற்கு மரத்தால் முட்டுச்சாரம் அமைப்பது வழக்கம். இவ்வளவு அகலத்துக்கும் உயரத்துக்கும் சாரம் கட்டப் போதுமான மரத்துக்கு எங்கே போவது? 1418-இல் போட்டி அறிவித்தார்கள். பொற்கொல்லராகப் பயின்ற ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி, கீழிருந்து எழும் சாரமே இல்லாமல் கட்டிக் காட்டுகிறேன் என்றார். வழிமுறையை விளக்கச் சொன்னபோது அவர் ஒரு முட்டையைத் தட்டி நிமிர்த்தி நிறுத்திக் காட்டினார் என்பது வசாரி சொல்லும் கதை, கதையாகவே வைத்துக்கொள்வோம்.

1420-இல் வேலை தொடங்கி 1436-இல் முடிந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். அவற்றுக்கு இடையில் உள்ள சந்துதான் இன்று நாம் ஏறும் படிவழி. சுவர் உள்நோக்கிச் சாயச் சாய, ஈரக் கலவையில் வைத்த செங்கல் வழுக்கிவிடாமலிருக்க, படுக்கை வரிசைகளுக்கு நடுநடுவே செங்கற்களைச் செங்குத்தாகச் செருகி, மீன் முள்போல் சுழன்று ஏறும் ஓர் அமைப்பை அவர் கையாண்டார். ஒவ்வொரு வளையமும் முடிந்தவுடன் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்; அடுத்த வளையம் அதன் மீது எழும். படி ஏறும்போது பக்கச் சுவரில் அந்த மீன்முள் வரிசை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நின்று பாருங்கள், பின்னால் வருபவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பாரம் தூக்க, மாடுகளைத் திசைமாற்றாமலேயே ஏற்றவும் இறக்கவும் பயன்படும் பற்சக்கரப் பொறி ஒன்றையும் அவரே வடிவமைத்தார். உச்சியிலுள்ள விளக்குமாடத்தை முடிக்கும் முன்பே, 1446-இல் அவர் இறந்துபோனார். அவர் உடல் இதே பேராலயத்தின் அடியில் புதைக்கப்பட்டிருக்கிறது.

கீழே இறங்கியபின் தெற்குப் பக்கத்தில், ஒரு கட்டடச் சுவரின் மாடத்தில் அமர்ந்து, தன் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் புருனெல்லெஸ்கியின் சிலையைத் தேடுங்கள். பேராலயத்தின் பின்புறத் தரையில் வட்டமான வெண்பளிங்குக் கல் ஒன்றும் உண்டு. உச்சியில் இருந்த செம்புக் கோளம் மின்னல் தாக்கி விழுந்த இடத்தை அது குறிக்கிறது.

படி ஏற முடியாதவர்கள் என்ன செய்வது?

குவிமாடத்துக்குப் பதில் மணிக்கோபுரம் ஏறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஜோட்டோ வடிவமைத்து 1334-இல் தொடங்கிய அந்தக் கோபுரத்துக்கும் 414 படிகள் இருக்கின்றன; மின்தூக்கி அங்கும் இல்லை. படி வேண்டாதவர்களுக்கு என் தேர்வு, பேராலயத்தின் பின்னால் இருக்கும் பேராலய அருங்காட்சியகம். ஒரே நாள் பயணிகள் பெரும்பாலும் தவறவிடும் இடமும் இதுதான். மின்தூக்கி இருக்கிறது, கூட்டம் குறைவு, மேல் தளத் திறந்தவெளியிலிருந்து குவிமாடம் மிக அருகில் தெரியும். தனக்கான கல்லறைக்கென்று முதுமையில் செதுக்கத் தொடங்கி, பிறகு தானே சுத்தியால் அடித்து உடைத்த மைக்கேலாஞ்சலோவின் ‘பியெத்தா’வும் (இறந்த இயேசுவின் உடலைத் தாங்கி நிற்கும் சிற்பம்), தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மெலிந்த மகதலா மரியாவும் இங்கே இருக்கின்றன. குவிமாடச் சீட்டிலேயே இதற்கும் திருமுழுக்கு ஆலயத்துக்கும் அனுமதி அடங்கும் என்பதால், ஏறுகிறவர்களும் இதை விட்டுவிட வேண்டியதில்லை.

‘சொர்க்கத்தின் வாயில்’ என்பது எது?

பேராலயத்துக்கு எதிரே எண்கோணமாக நிற்கும் திருமுழுக்கு ஆலயத்தின் கிழக்குக் கதவு. அவ்வாலயத்துக்குப் புதிய வெண்கலக் கதவு செய்ய 1401-இல் நடந்த போட்டியில் லொரென்சோ கிபெர்ட்டி வென்றார். தோற்றவர்களில் புருனெல்லெஸ்கியும் ஒருவர். முதல் கதவை 1424-இல் முடித்த கிபெர்ட்டி, அடுத்த கதவுக்கு 1425 முதல் 1452 வரை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டாவது கதவைத்தான் மைக்கேலாஞ்சலோ சொர்க்கத்தின் வாயிலுக்குத் தகும் என்று புகழ்ந்தாராம். இப்போது சதுக்கத்தில் கூட்டம் மொய்க்கும் அந்தக் கதவு நகல். 1966 வெள்ளத்தில் மூலக் கதவின் பத்துப் பலகைகளில் ஐந்து பெயர்ந்து விழுந்தன. 27 ஆண்டுகள் நீண்ட சீரமைப்புக்குப் பின் 2012 முதல் அது மேலே சொன்ன அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. ஆலயத்தின் உட்கூரை மொசைக்குகளில் 2023-இல் தொடங்கிய சீரமைப்புப் பணி பல ஆண்டுகள் நீடிப்பது. உள்ளே நுழையும் முன் எவ்வளவு பார்க்கக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் இல்லாமல் எவற்றைப் பார்க்கலாம்?

நிறைய. முதலில் சிஞ்ஞோரியா சதுக்கம். 94 மீட்டர் கோபுரத்தோடு எழும் பழைய மாளிகை (டேவிட் நின்ற அரசு மாளிகை இதுதான்), அதன் அருகே வளைவுகளால் ஆன திறந்த மண்டபம், அதற்குள் மெதூசாவின் தலையை உயர்த்திப் பிடித்திருக்கும் செல்லினியின் வெண்கலப் பெர்சியஸ், ஒரே பளிங்கில் மூன்று உடல்கள் முறுகி எழும் ஜாம்போலோன்யாவின் சிற்பம் ஆகிய எல்லாமே தெருவில் இருக்கின்றன. நெப்டியூன் நீரூற்றுக்கு முன்னால் தரையில் பதித்த வட்டக் கல், ஆடம்பரப் பொருள்களைக் கொளுத்தச் செய்த துறவி சவொனரோலா 1498 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்ட இடம்.

சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் ஓர்சான்மிக்கேலே இருக்கிறது. தானியச் சந்தையாக இருந்து தேவாலயமாக மாறிய கட்டடம் அது. வெளிச்சுவரில் பதினான்கு மாடங்கள். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு தொழிற்குழு தன் காவல் புனிதரை நிறுத்தியது. பணம் படைத்த துணி வணிகரும் வங்கியரும் கம்பளிக் குழுவினரும் கிபெர்ட்டியிடம் வெண்கலச் சிலைகள் செய்துவாங்க, ஆயுதம் செய்வோரும் லினன் துணிக்காரரும் தொனாத்தெல்லோவின் பளிங்கோடு நின்றார்கள். பளிங்கு தோற்றது என்று சொல்லிவிட முடியாது. இப்போது மாடங்களில் இருப்பவை நகல்கள் என்றாலும், போட்டி போட்டுக்கொண்டு புனிதரை நிறுத்திய வணிகர்களின் மிடுக்கு இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது.

அடுத்து பொன்ட்டே வெக்கியோ என்ற பழைய பாலம். 1345-இல் கட்டியது. முதலில் இறைச்சிக் கடைகள் இருந்தன. நாற்றம் பொறுக்காமல் 1593-இல் மெடிச்சி பிரபு முதலாம் ஃபெர்டினாந்தோ அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். அந்த நாற்றம் பிரபுவின் மூக்குக்கு எட்டியதற்குக் காரணம் உண்டு: கடைகளுக்கு மேலே ஓடும் நடைக்கூடம் மெடிச்சி குடும்பத்தினர் அரசு மாளிகைக்கும் ஆற்றுக்கு அப்பாலுள்ள பித்தி மாளிகைக்கும் இடையே மக்கள் கண்ணில் படாமல் போய்வர, 1565-இல் வசாரி ஐந்தே மாதத்தில் கட்டிக்கொடுத்தது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை நகரின் மற்றப் பாலங்களையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்தபோது இது ஒன்றே தப்பியது.

நடக்கும்போது மாளிகைச் சுவர்களில் இடுப்பளவு உயரத்தில் சிறு வளைவுச் சாளரங்கள் தென்படும். திராட்சைத் தோட்டம் வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் வைனைத் தெருவில் போவோருக்குக் குடுவை குடுவையாக விற்ற துளைகள் அவை.

சாந்தா குரோச்சேவுக்குக் கட்டணம் கொடுத்துப் போகலாமா?

நேரம் மிஞ்சினால் போகலாம். இரண்டு சீட்டு என்ற என் கணக்கை மீறத் தகுந்த ஒரே இடம் இது. மைக்கேலாஞ்சலோ, மாக்கியவெல்லி, கலிலியோ, இசையமைப்பாளர் ரொஸ்ஸீனி ஆகியோரின் கல்லறைகள் இங்கே உள்ளன. 1642-இல் இறந்த கலிலியோவுக்குத் திருச்சபையின் மனக்கசப்பால் முறையான நினைவிடம் கிடைக்க 1737 வரை ஆயிற்று. தாந்தேக்கும் பெரிய நினைவுச் சின்னம் உண்டு. உள்ளே உடல் இல்லை. நாடு கடத்தப்பட்ட கவிஞர் 1321-இல் ராவென்னாவில் இறந்தார், அந்த ஊர் இன்றுவரை அவரைத் திருப்பித் தரவில்லை.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ கரைபுரண்டபோது மிகுதியாக அடிபட்ட பகுதி இதுதான். சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் பாதிக்கு மேல் இழந்தது. வசாரியின் ‘இறுதி இராவுணவு’ சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் திரும்பித் தொங்கியது. தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அன்றைய நீர்மட்டத்தைக் காட்டும் சிறு கற்கள் சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றன; பெரும்பாலானவற்றைத் தலையை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நாளை எந்த வரிசையில் அமைத்துக்கொள்வது?

காலை 8:15-க்கு உஃபிஸி, பதினொரு மணி அளவில் வெளியே வந்து சிஞ்ஞோரியா சதுக்கம், ஓர்சான்மிக்கேலே, மதிய உணவு, இரண்டரை மணி வாக்கில் குவிமாடமும் அதன் அருங்காட்சியகமும், அல்லது அக்காடெமியா, ஐந்து மணிக்குப் பழைய பாலத்தைக் கடந்து ஆற்றின் தென்கரை, மாலை ஒளியில் சான் மினியாத்தோ குன்று. பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை என்பதால் நீண்ட வரிசை நிற்கும். வெளியே இருக்கும் பசுமை, வெண்மை, சிவப்புப் பளிங்கின் பகட்டோடு ஒப்பிட்டால் உள்ளே வெறுமைதான். வரிசை நீளமாக இருந்தால் வருந்தாமல் கடந்து செல்லுங்கள். அந்தப் பகட்டான முகப்பும் 1887-இல் முடிந்த புதிய வேலை.

மாலையில் எங்கே இருப்பது நல்லது?

எல்லோரும் மைக்கேலாஞ்சலோ மேடைக்குப் போவார்கள். ஃபுளோரன்ஸ் சில ஆண்டுகள் இத்தாலியின் தலைநகராக இருந்த காலத்தில், 1869-இல் அமைத்த மேடை அது. நகரம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். கூட்டமும் பாட்டுக் கச்சேரியும் சேர்ந்தே விரியும். அங்கிருந்து இன்னும் பத்து நிமிடம் ஏறினால் சான் மினியாத்தோ அல் மோந்தே தேவாலயம், 1018-இல் நிறுவப்பட்டது. அதே காட்சி, கால்வாசிக் கூட்டம். மாலை வழிபாட்டில் துறவிகள் பாடும் இலத்தீன் கீதம் கேட்கக் கிடைத்தால் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து கேட்கலாம். ஏற முடியாதவர்களுக்கு மேடைவரை நகரப் பேருந்து உண்டு.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நகரின் பெருமைக்குரிய உணவுகள் மாட்டிறைச்சித் துண்டும், மாட்டின் நான்காம் இரைப்பையை வேகவைத்து ரொட்டியில் வைத்துத் தெருவண்டிகளில் விற்கும் லம்ப்ரெதோத்தோவும்தான். ஆயினும் ஃபுளோரன்ஸ் அமைந்துள்ள தொஸ்கானா பகுதியின் நாட்டுப்புறச் சமையல் ஏழைகளின் அடுப்பிலிருந்து வந்தது. பழைய ரொட்டியை வீணாக்காமல் பீன்ஸும் கருங்கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா, தக்காளியில் ரொட்டியை மசிக்கும் பாப்பா அல் பொமொதோரோ ஆகியவை பெரும்பாலும் சைவம். இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பார்மெசான் பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரொட்டியில் உப்பு இருக்காது. சமையற்காரர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம், அதுவே இவ்வூர் வழக்கம்.

மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. மூன்று மணிக்குப் போனால் பல கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. முகவரி தேடும்போது ஒரு சிக்கல் வரும்: கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு வேறு நிற எண் என்று ஒரே தெருவில் இரண்டு வரிசைகள் ஓடுகின்றன. எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் சிவப்பு வரிசையில் தேடுங்கள்.

உடை, தண்ணீர், கழிப்பறை?

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா போதும். தெருக்கள் கற்பாளங்களால் ஆனவை, பழகிய காலணி அணியுங்கள். பொதுக் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கழிப்பறையை அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறும் முன்பே பயன்படுத்திவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் உண்டா?

பெரிய ஆபத்து எதுவும் இல்லை. கூட்டமான இடங்களில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உஃபிஸியைச் சுற்றிச் சிலர் ஓவிய நகல்களை நடைபாதையில் பரப்பிவைத்து, யாராவது மிதித்துவிட்டால் பணம் கேட்பார்கள். குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கும்போது நடக்காமல் நின்று பார்ப்பதே இதற்கு மருந்து.

அதே நாளில் பீசாவின் சாய்ந்த கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ரயிலில் ஒரு மணி நேரம்தான். இருந்தாலும் வேண்டாம்.

ஃபுளோரன்ஸில் ஓர் இந்திய மன்னரின் நினைவுச் சின்னம் இருப்பது உண்மையா?

உண்மை. கோலாப்பூரின் இளம் மன்னர் இரண்டாம் ராஜாராம், இங்கிலாந்துப் பயணம் முடித்து நாடு திரும்பும் வழியில், 1870 நவம்பர் 30 அன்று இந்நகரில் காலமானார். உடன் வந்தவர்கள் இந்து முறைப்படி ஆற்றங்கரையில் தகனம் செய்ய விரும்பினார்கள். நகர நிர்வாகம் தனி அனுமதி வழங்கியது. காஷினே பூங்காவின் மேற்குக் கோடியில், முன்யோனே ஓடை ஆர்னோவில் கலக்கும் இடத்தில் சிதை மூட்டப்பட்டது. 1874-இல் அங்கே குடை மண்டபத்துக்குள் வண்ணம் தீட்டிய மார்பளவுச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. அருகில் பிற்காலத்தில் கட்டிய பெரிய பாலத்தையும் மக்கள் ‘இந்தியர் பாலம்’ என்றே அழைக்கிறார்கள். பூங்கா நீளமானது, டிராம் நிறுத்தத்திலிருந்து நினைவுச் சின்னம் வரை அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ரயிலுக்கு மூன்று மணி நேரமாவது மீதமிருந்தால் மட்டும் போங்கள்; இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.